உர மூட்டைக்குள் இருந்த ஹைட்ரஜன்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நீ கேட்ட கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ கேட்டது இது: "மாமா அடுத்த லோரியை மின்சார லோரியாக எடுக்கலாமா என்று யோசிக்கிறார். ஆனால் சரவாக்கில் ஹைட்ரஜன் பஸ் ஓடுகிறது, கொஞ்சம் பொறுத்தால் இங்கேயும் வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பேட்டரி தீப்பிடிக்கும் என்றும் பயமுறுத்துகிறார்கள். எதை நம்புவது? நான் எதைப் படிக்க வேண்டும்?"

மாமா ஹைட்ரஜனுக்காகக் காத்திருக்க வேண்டாம். லோரி விஷயத்தில் என் பதில் இவ்வளவுதான். ஆனால் ஹைட்ரஜன் வீண் என்று நான் சொன்னதாக யாரிடமும் போய்ச் சொல்லிவிடாதே. அதற்கு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. அந்த வேலை லோரிக்குள் இல்லை, கெடாவில் நம் பீடோங் தோட்டங்களில் இறங்கும் உர மூட்டைக்குள் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தேழு ஆண்டுகள் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்தவன் நான். எந்தப் பேச்சையும் யூனிட் கணக்கில் போட்டுப் பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. இதையும் அப்படியே பார்ப்போம்.

ஹைட்ரஜனைப் பெட்ரோலைப் போலப் பூமியிலிருந்து எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பூமிக்குள் இயற்கையாகக் கிடைக்கும் ஹைட்ரஜனைத் தேடுகிறவர்கள் உண்டு. ஆனால் இன்று உலகம் பயன்படுத்தும் ஹைட்ரஜன் அனேகமாக எல்லாமே ஆலையில் செய்யப்படுவது. அது தண்ணீரோடோ இயற்கை வாயுவோடோ ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்து எடுக்க வேண்டும், பிரிப்பதற்குச் சக்தி செலவழிக்க வேண்டும். மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரிலிருந்து பிரித்தால்தான் அதைச் சுத்தமான ஹைட்ரஜன் என்கிறோம். அந்த மின்சாரமும் சுத்தமாக இருந்தால் மட்டுமே. ஆகவே மின்சாரமா ஹைட்ரஜனா என்று இரண்டையும் மோதவிடுவது தாயையும் பிள்ளையையும் போட்டிக்கு நிறுத்துவது போன்றது.

தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவில் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டுவதை உன் தங்கை பார்த்திருப்பாள். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பசோடா கலக்க வேண்டும். இரண்டு பென்சில்களை இரண்டு முனையிலும் சீவி, ஒரு அட்டையில் குத்தி, கீழ்முனைகள் தண்ணீரில் அமிழும்படி வைக்க வேண்டும். மேல்முனைகளில் ஒன்பது வோல்ட் பேட்டரியின் கம்பிகளைத் தொடுத்தால் அரை நிமிடத்தில் இரண்டு பென்சில் முனையிலும் குமிழி கிளம்பும். எதிர்முனையில் பொடிப்பொடியாக, அடர்த்தியாக வருவது ஹைட்ரஜன். நேர்முனையில் மெதுவாக வருவது ஆக்சிஜன், முன்னதில் பாதி அளவுதான் வரும். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்ப்பார்கள். (வீட்டில் செய்தால் சமையல் உப்பைப் போடாதே, குளோரின் வாயு வரும்.) பெரிய ஆலையில் நடப்பதும் இதே வேலைதான், அளவுதான் வேறு.

இனி கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்ய ஒன்பது லிட்டர் தண்ணீர் பிரிய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 50 முதல் 55 யூனிட் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோவுக்குள் அடங்கியிருக்கும் சக்தி 33 யூனிட். அதை வாகனத் தொட்டியில் அடைக்க 350 அல்லது 700 பார் அழுத்தம் வேண்டும். நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான், நினைத்துப் பார். அப்படி அழுத்துவதற்கே மேலும் சில யூனிட்கள் போய்விடும். பிறகு வாகனத்துக்குள் இருக்கும் எரிபொருள் கலம் அதை மறுபடியும் மின்சாரமாக மாற்றுகிறது. அங்கே ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போய்விடும். கடைசியில் மோட்டாருக்குக் கிடைப்பது பதினாறு, பதினேழு யூனிட். ஆம், ஹைட்ரஜன் வாகனத்தையும் ஓட்டுவது மின்மோட்டார்தான். பலருக்கு இது தெரிவதில்லை.

அதே 55 யூனிட்டை நேராகப் பேட்டரியில் ஏற்றினால், ஏற்றும்போதும் இறக்கும்போதும் கழிவது போக நாற்பத்தைந்துக்கு மேல் மோட்டாருக்குக் கிடைக்கும். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசியில் இருந்த பொதுக்குழாயிலிருந்து அந்தக் காலத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பார்களே, அதுபோல. ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் சிந்தும். ஹைட்ரஜனில் மூன்று கை மாறுகிறது. நல்ல இயந்திரம் வந்தால் சிந்துவது குறையும். ஆனால் தண்ணீரைப் பிளப்பதற்கு இவ்வளவு சக்தி வேண்டும் என்பது இயற்கையின் விதி. அதை எந்தப் பொறியாளராலும் தள்ளுபடி செய்ய முடியாது.

அப்படியானால் சரவாக் ஏன் அந்த வழியில் போகிறது? நியாயமான கேள்வி. அவர்களிடம் ஆறு இருக்கிறது. பாலுய் ஆற்றில் கட்டிய பாக்குன் அணை மட்டும் 2,400 மெகாவாட், முரும் அணை 944 மெகாவாட். அங்கே உள்ள மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். மக்கள்தொகையோ குறைவு. மிச்சமிருக்கும் நீர்மின்சாரத்தைக் கடல் தாண்டி விற்கக் கம்பி இழுப்பது சுலபமில்லை. அதனால் அதை ஹைட்ரஜனாக்கி, அம்மோனியாவாக்கி, பிந்துலு துறைமுகம் வழியாக விற்கப் பார்க்கிறார்கள். 2019-இல் கூச்சிங்கில் உற்பத்தி நிலையமும் நிரப்பும் நிலையமும் திறந்தார்கள். மூன்று ஹைட்ரஜன் பஸ்களை ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் நிலைக்கு அது யோசித்து எடுத்த முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் நம் நிலை வேறு. தீபகற்ப மலேசியாவில் இன்றும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் வருகிறது. பேராக்கின் மஞ்சோங் கடற்கரையில் நிற்கும் நிலையத்துக்குக் கப்பல் கப்பலாக நிலக்கரி வருவதைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இந்த மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. இதைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு நாற்பது கிலோ கரியமில வாயு! பழைய முறையில் இயற்கை வாயுவிலிருந்து எடுத்தாலே ஒன்பது, பத்து கிலோதான். சுத்தம் செய்யப் போய் நான்கு மடங்கு அழுக்காக்கிக்கொள்வோம்.

மின்சாரக் காரையும் இதே தராசில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவனாகிவிடுவேன். நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து யூனிட் என்றால் பதினோரு கிலோ வருகிறது. அதே தூரத்துக்கு ஆறேழு லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார் பதினைந்து கிலோ அளவில் விடுகிறது. ஆகவே இன்று கிடைக்கும் லாபம் அப்படியொன்றும் பெரிதில்லை, உண்மைதான். ஆனால் புக்கிட் செலாம்பாவில் 30 மெகாவாட் சூரிய ஆலை வந்துவிட்டது. கூலிமில் சூரியத் தகடுகளைச் செய்து வெளிநாட்டுக்கே அனுப்புகிறார்கள். 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது 2023-இல் அரசாங்கம் அறிவித்த எரிசக்தி மாற்றத் திட்டத்தின் இலக்கு. கம்பியில் வரும் மின்சாரம் சுத்தமாக ஆக, இன்று வாங்கும் வாகனமும் தானாகவே சுத்தமாகிக்கொண்டு வரும். பெட்ரோல் வாகனத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

இப்போது உர மூட்டைக்கு வருகிறேன்.

என் அம்மா பன்னிரண்டு ஆண்டுகள் உரம் போட்டவர். விடியற்காலையில் இடுப்பில் சாக்குத்துணியைக் கட்டி, முழங்கை வரை சட்டையை இழுத்துவிட்டு, வாளியில் உரத்தை அள்ளி மரத்தைச் சுற்றி வீசிக்கொண்டே போவார்கள். சாயங்காலம் வந்து கையை நீட்டினால் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவது என் வேலை. காலியான யூரியா மூட்டையை வெட்டித்தான் வீட்டுக்குப் பின்னால் குளியலறைத் திரை போட்டிருந்தோம். அதில் பெரிதாக 46 என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் என்ன என்று சிறுவயதில் யாரும் சொல்லித்தரவில்லை. அது நைட்ரஜனின் விழுக்காடு. ஐம்பது கிலோ மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன் இருக்கிறது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், ஆனால் மரத்தால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்க வேண்டும். அதற்கான வழியை ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் ஹாபர் 1909-இல் கண்டுபிடித்தார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தார், 1913-இல் ஓப்பாவ் நகரில் உற்பத்தி தொடங்கியது. இன்று உலகம் சாப்பிடும் உணவில் ஏறக்குறைய பாதி இந்த வேதிவினையை நம்பித்தான் விளைகிறது. நான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 23 கிலோ நைட்ரஜனுக்கு 28 கிலோ அம்மோனியா. அதற்குள் ஏறக்குறைய ஐந்து கிலோ ஹைட்ரஜன். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஐந்து கிலோ! டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரின் தொட்டி முழுவதும் நிரப்பினாலே ஐந்தரைக் கிலோ சொச்சம்தான். என் அம்மா தலையில் சுமந்த ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் ஒரு கார்த் தொட்டி ஹைட்ரஜன் இருந்திருக்கிறது.

அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? இயற்கை வாயுவிலிருந்து. நம் ஊருக்கு வடக்கே குரூணில் இருக்கும் பெட்ரோனாஸ் உர ஆலை செய்வதும் அதுதான். இயற்கை வாயுவையும் நீராவியையும் சூடான குழாய்களில் வினைபுரியவைத்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறார்கள், கரியமில வாயு உடன் வருகிறது. யூரியா செய்ய அந்தக் கரியமில வாயுவில் ஒரு பங்கு தேவைப்படும். ஆனால் உரத்தை மண்ணில் போட்டதும் அதுவும் காற்றுக்குத் திரும்பிவிடும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 95 மில்லியன் டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் தயாராகிறது. கிட்டத்தட்ட எல்லாமே இப்படி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவது. சுத்தமான முறையில் வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

என் மனத்தில் இருக்கும் வழக்கு இதுதான், தம்பி. சுத்தமான ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கியிருக்கும் நேரத்தில், முதல் உரிமை யாருக்கு? பேட்டரி செய்யக்கூடிய வேலையை எடுத்துக்கொள்ளும் காருக்கா, ஹைட்ரஜனை விட்டால் வேறு வழியே இல்லாத உரத்துக்கா? உரத்துக்குத்தான் என்பேன். அதற்கு அடுத்தது இரும்பு. தாதுவிலிருந்து ஆக்சிஜனை நீக்க இன்று நிலக்கரியிலிருந்து செய்த கல்கரியைப் போடுகிறார்கள், கரியமில வாயு வெளியே வருகிறது. கரிக்குப் பதில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் வெளியே வருவது நீராவி. சுவீடனில் 2021-இல் அப்படிச் செய்த எஃகை வாகன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தும் காட்டினார்கள். தூரக் கடல் போகும் கப்பல்களுக்கும் அம்மோனியா, மெத்தனால் என்ற வடிவில் அது பயன்படும். இந்த வேலைகளைக் கம்பியில் வரும் மின்சாரத்தால் நேரடியாகச் செய்வது கடினம். அதனால் அங்கே ஒன்றுக்கு மூன்று யூனிட் செலவழித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி மாமாவின் லோரி. அவர் என்ன செய்கிறார்? தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றுகிறார், ஆலையில் இறக்குகிறார், வெறும் லோரியோடு திரும்புகிறார். ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அறுவடை மும்முரமான மாதங்களில் எடைமேடைக்கு முன்னால் ஒரு மணி நேரம்கூட வரிசையில் நிற்பார், அதை என் ஜன்னலிலிருந்தே பார்த்திருக்கிறேன். குறைந்த தூரம், தினமும் ஒரே பாதை, ராத்திரியில் ஒரே இடத்தில் நிறுத்தம். பேட்டரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

டீசலில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்றால் முப்பத்தைந்து லிட்டர் வேண்டும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் பம்ப் விலை 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஒரே நாளில் ஏறியதை மாமா மறந்திருக்க மாட்டார். பிறகு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மூன்று வெள்ளி என்றே வைத்தாலும் நாளுக்கு நூற்றைந்து வெள்ளி. மின்சார லோரிக்குக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட், ஏற்றும்போது கழிவதையும் சேர்த்து 135 யூனிட். யூனிட் ஐம்பது காசு என்றால் அறுபத்தெட்டு வெள்ளி. அதே வேலையை ஹைட்ரஜனில் செய்தால் பின்னால் நானூறு யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கும். இயந்திரச் செலவையும் விற்பவரின் லாபத்தையும் விட்டுவிட்டால்கூட மின்சாரத்துக்கே இருநூறு வெள்ளி. இந்த விலையில் யார் வாங்குவார்கள்? கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்களை 2024-இல் மூடிவிட்டது. சுங்கை பட்டாணி ரயில் நிலையத்தில் போய் நின்று பார். 2015 முதல் பாடாங் பெசார் வரை மின்ரயில் ஓடுகிறது, தலைக்கு மேல் இழுத்த கம்பியில். ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் அதே வேலைக்கு 2022-இல் ஹைட்ரஜன் ரயில்களை விட்டவர்கள் அடுத்த கட்டத்துக்குப் பேட்டரி ரயில்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாமாவுக்குப் பாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். மின்சார லோரியின் விலை அதிகம். இருநூறு யூனிட் பேட்டரி ஒன்றரை டன் எடை பிடிக்கும். சட்டப்படி ஏற்றக்கூடிய மொத்த எடையில் அது கழிந்தால் குலை குறையும், கூலியும் குறையும். ஆகவே மிச்சமாகும் எரிபொருள் பணம் கூடுதல் விலையை எத்தனை ஆண்டில் ஈடுகட்டும் என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். இப்போதுள்ள லோரி இன்னும் நான்கு ஆண்டுகள் ஓடும் நிலையில் இருந்தால், ஓட்டட்டும். அவசரமில்லை. பேட்டரி விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது, இன்னும் இறங்கும்.

நம் ஆலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியே யாருக்கும் தெரியாத சங்கதி. செம்பனை ஆலை தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்கிறது. பிழிந்த நாரையும் கொட்டை ஓட்டையும் பாய்லரில் போட்டு, நீராவியால் டர்பைனைச் சுற்றவைக்கிறோம். ஒரு டன் குலைக்கு ஆலை பதினைந்து முதல் இருபது யூனிட் எடுத்துக்கொள்ளும், அது நாரிலேயே வந்துவிடும். இதற்கு மேல் கழிவுநீர்க் குளம் ஒன்று இருக்கிறது. கருப்பாக, எந்நேரமும் கொப்பளித்துக்கொண்டிருக்கும். அந்தக் கொப்புளத்தில் இருப்பது மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்குவது. குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து எஞ்சினில் எரித்தால் மின்சாரம். சில ஆலைகள் செய்கின்றன. எல்லா ஆலைகளும் செய்து, எடைமேடைப் பக்கத்தில் நான்கு மின்னூட்டக் கம்பங்களை நட்டால், வரிசையில் நிற்கும் லோரி அந்த ஒரு மணி நேரத்தில் பாதி நாள் ஓட்டத்துக்கான மின்சாரத்தை ஏற்றிக்கொண்டுவிடும். ஓய்வு பெறுவதற்கு முன் இதை எழுதிக் கொடுத்தேன். அப்போது நடக்கவில்லை. இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தீப்பிடிக்கும் பயம். இரண்டிலும் ஆபத்து உண்டு, இரண்டையும் அடக்கி ஆள வழியும் உண்டு. ஹைட்ரஜன் என்றதும் 1937-இல் அமெரிக்காவில் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலே பறந்துவிடும். கூரைக்கு அடியில் தேங்கினால்தான் விபரீதம், அதன் சுடர் பகலில் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. பேட்டரியில் இரும்பு பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். லோரிகளில் பெரும்பாலும் அதுதான் வருகிறது.

நான் உண்மையில் பயப்படுவது வீட்டு வயரிங்கைத்தான். போன ஆண்டு தெரிந்தவர் ஒருவர் மின்சார மோட்டார் சைக்கிளை அடுப்படியிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுத்து மின்னூட்டினார். கம்பியைச் சுருளாகவே வைத்திருந்தார். மறுநாள் போய்ப் பார்த்தேன். சுருளின் நடுப்பகுதி உருகி ஒரே கட்டியாகிவிட்டது, பிளக்கின் முள் மூன்றில் ஒன்று கருகிப் பழுப்பேறியிருந்தது. கீழே விரித்திருந்த பாயில் வட்டமாக ஒரு பொசுங்கல். பக்கத்து அறையில் பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்து நாம் வாங்கிய மலிவு விலை வீடுகளில் பலவற்றின் வயரிங், நான்கு விளக்கு, மூன்று விசிறி, ஒரு தொலைக்காட்சி என்ற காலத்தில் போட்டது. ஏழு கிலோவாட் மின்னூட்டிக்கு 32 ஆம்பியர் வேண்டும், அதுவும் ராத்திரி முழுவதும் இடைவிடாமல். பிரதானப் பெட்டியிலிருந்து அதற்கென்று தனிக் கம்பி வேண்டும், கசிவு மின்சாரத்தை வெட்டும் கருவி தனியாக வேண்டும், மண்ணில் இறக்கிய எர்த் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

நீ எதைப் படிப்பது என்ற கேள்விக்கு அந்த உருகிய சுருளே பதில். முதலில் வயர்மேன் சான்றிதழை எடு, பிறகு சார்ஜ்மேன். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் இருந்தால் சூரியத் தகடு பொருத்தலாம், மின்னூட்டி வைக்கலாம், ஆலையில் சேரலாம். நாளைக்குக் குரூண் ஆலை தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கத் தொடங்கினாலும் அங்கே முதலில் தேடப்படுகிறவன் நேர்மின்னோட்டத்தைப் பயமில்லாமல் கையாளத் தெரிந்த மின்பணியாளன்தான்.

மாமாவிடம் சொல்லி, கடந்த மூன்று மாத டீசல் ரசீதுகளையும் ஓட்டக் கணக்கையும் எடுத்துவரச் சொல். லோரியின் மொத்த எடை அனுமதி எவ்வளவு என்பதும் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது டெஸ்டரைக் கொண்டு வா, உங்கள் வீட்டு எர்த் கம்பியையும் அன்றைக்கே அளந்துவிடுவோம்.